முள் காட்டும் மிச்சம்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது.

இதைக் கொண்டுவந்திருப்பவர் எங்கள் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் தாடிக்காரர். உனக்கு அவரைத் தெரியும். படகுப் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. முதலில் உட்கார வை. அதற்கும் முன்னால் ஒன்று: இதைப் படித்து முடிக்கும்வரை விமானத்தில் ஏறாதே. தீவிலிருந்து நீ கூட்டிப்போக வேண்டிய நோயாளி காத்திருந்தாலும் ஏறாதே.

உன் விமானத்தில் புதிதாகப் போட்ட சின்ன எரிபொருள் தொட்டிக்குள் எங்கள் கம்பெனி செய்த, அளவு காட்டும் சென்சார்தான் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்கள். நடுவில் எரிபொருள் ஏற ஏற மின்தேக்குத்திறன், அதாவது குழாய்கள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, கூடும். அதைப் பார்த்துத்தான் உன் முன்னால் முள் நகர்கிறது.

பாடப்புத்தகச் சூத்திரம் குழாய் முடிவில்லாமல் நீள்வதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் இரண்டு முனைகளிலும் மின்புலம் வெளியே பிதுங்கி, தேக்குத்திறனைக் கொஞ்சம் கூட்டிவிடும். நீளக் குழாயில் அது கணக்கிலேயே வராது. ஆனால் குழாயைப் பாதியாக வெட்டினாலும் முனைகள் இரண்டுதானே? அந்தக் கூடுதல் பாதியாகாது. உன் தொட்டிக்காக வடிவமைப்புப் பிரிவில் குழாயைக் கட்டையாக்கி, இடைவெளியையும் அகலமாக்கியிருந்தார்கள். பழைய சூத்திரத்தையே போட்டு, காலித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல், கணக்கிலிருந்தே பூஜ்யத்தைக் குறித்து அனுப்பிவிட்டார்கள். அதனால் முள் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

நான் பழுதுபார்க்கும் பிரிவில் இருப்பதால் அந்தச் சென்சாரின் வரைபடம் இப்போதுதான் என் மேசைக்கு வந்தது. உடனே கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். தாடிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷமா இதே கணக்குதான் போடறோம். எந்த விமானம் நடுவழியில நின்னுச்சு, சொல்லு" என்றார். அது நீளக் குழாய், இது கட்டை என்றேன். மேலாளர் சிரித்தபடி, "பொண்ணு ஓட்டறா, அதான் அம்மாவுக்கு பயம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஆமா சார், பயம்தான். உங்க பொண்ணு ஓட்டினா உங்களுக்கு பயம் இருக்காதா?" என்று கேட்டுவிட்டேன்.

கிடங்கிலிருந்து ஒரு சென்சாரை எடுத்துவந்து, உன்னுடையதைப் போன்ற காலித் தொட்டிக்குள் இறக்கினேன். ஒரு சொட்டு எரிபொருள் இல்லை. முள் மெல்ல எழுந்து, எரிபொருள் தீரப்போவதைச் சொல்லும் எச்சரிக்கைக் கோட்டையும் தாண்டி நின்றது. தாடிக்காரர் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்த கை காய்ந்திருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

அந்த முள்ளை நம்பி, கடலுக்கு மேலே இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று நீ நினைத்திருப்பாய். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

இதே சென்சார் போன ஒவ்வொரு விமானத்தளத்தையும் அவரே தொலைபேசியில் அழைத்து, விமானங்களை நிறுத்தச் சொன்னார். உன் தீவுத் தளம் மட்டும் கிடைக்கவில்லை. புயலில் தொடர்பே அறுந்துவிட்டதாம். படகு ஒன்று கிளம்புகிறது என்று கேள்விப்பட்டதும், "வேற யாரையும் அனுப்பாதீங்க, நானே போறேன்" என்று எழுந்துவிட்டார். இப்போது வாசலில் வண்டியை அணைக்காமல் காத்திருக்கிறார். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து வானொலியைப் போடுவதும் அணைப்பதுமாக இருக்கிறார். நீ இந்த நிமிடம் தரையில் இருக்கிறாயா, மேலே இருக்கிறாயா என்று தெரியாமலேயே எழுதுகிறேன்.

பூஜ்யத்தைத் திருத்திக் கொண்டுவரும் சென்சாரை அவர் பொருத்துவார். கூடவே நில். காலித் தொட்டியில் முள் பூஜ்யத்தில் படுக்கிறதா என்று உன் கண்ணால் பார். பிறகு நிரப்பி, அளவுக் குச்சி விட்டும் ஒருமுறை பார்த்துக்கொள். அவரைக் கடிந்து எதுவும் சொல்லிவிடாதே. வழியெல்லாம் அவரே தன்னைத் திட்டிக்கொண்டு வந்திருப்பார்.

விமானம் ஓட்டப் போகாதே என்று நான் சண்டை போட்டதிலிருந்து நீ எனக்கு எழுதுவதில்லை. இன்றைக்கு அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் ஏறு. காத்திருக்கும் நோயாளியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்.

படகு திரும்பும்போது அவரிடம் ஒரு வரி கொடுத்தனுப்பு. என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை. உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

உன்
அம்மா