பந்துக்கு முன்னால் என் வலது கை

மார்ச் 9, 1936

இல்லை, நடுக்கம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வெட்டு. தூக்கம் பிடிக்கும் நேரத்தில் கால் உதறுமே, அப்படி. கோல்ப் மைதானத்தில், குழிக்கு அருகில் பந்து. மட்டையைப் பின்னால் எடுக்கிறேன். முன்னால் வரும்போது வலது மணிக்கட்டு தானாகத் துள்ளுகிறது. பந்து குழியைத் தாண்டி ஓடுகிறது. குழந்தைகூடப் போடக்கூடிய பந்து.

டாக்டர் கௌரம்மா பார்க்கவில்லை. குனிந்து செருப்பில் புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 11

தெளிவாக எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று ஒரு எண்ணம்.

பெண்கள் கல்லூரியில் பௌதிகச் செய்முறை வகுப்பு நடத்த என்னை எடுத்திருக்கிறார்கள். உடல் தகுதிச் சான்று கொடுத்தால் ஜூனில் சேரலாம். பெண்களைப் பரிசோதிப்பது கௌரம்மா. என்னைக் கோல்ப் மைதானத்துக்கு முதன்முதலில் இழுத்துப்போனதும் அவர்தான். "பெண்டுகள்ல ஜோடிக்கு ஆளே இல்லே, ஐவி. நீ பா." கன்னடம் கலந்த பேச்சு; 'வா' என்பது 'பா' ஆகிவிடும். இரண்டு வருடமாக ஜோடி.

அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. அம்மா இருந்த காலத்தில் நாங்கள் கோலாரில் இருந்தோம். அம்மாவுக்கு முப்பத்தாறு வயதில் கட்டைவிரல் சுட்டுவிரலோடு உருள ஆரம்பித்தது. ஜெபமாலை உருட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டார் நினைத்தார்கள். கையில் ஜெபமாலை இல்லை. ஏழெட்டு வருடத்தில் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. பிறகு எதுவுமே முடியவில்லை.

ஊருக்கு அப்பா சொன்னது வேறு. "செலின் காய்ச்சல்ல போயிட்டா."

எனக்கு இருபத்து மூன்று. வெர்னியர் அளவுகோலைப் பிடித்துக் காட்ட வேண்டிய கை இது.

மார்ச் 14

ஏப்ரல் பதினெட்டில் பெங்களூர் கிளப் பெண்களோடு ஜோடி ஆட்டம். ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்க வேண்டும். கௌரம்மா என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். இருபதாம் தேதி அவரிடமே பரிசோதனை.

ஒரு பகல் முழுக்க என் கைக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் நிற்கப் போகிறார். வர முடியாது என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்.

மார்ச் 17

சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு முழங்கையையும் சேர்த்துக் கட்டினேன். கை தனித்தனியாகத் துள்ளக் கூடாதே. துள்ளவில்லை. ஆனால் தோளும் நகரவில்லை. பெர்னார்ட் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான்.

"அக்கா, கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோற மாதிரி இருக்கே."

தம்பி என்றால் இப்படித்தான்.

மார்ச் 20

மணிக்கட்டில் ஈயக்குண்டு தைத்த பட்டை. தொப்பி விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு, தலை ஆடாமல் இருக்க. தூக்குக்குண்டு மூக்கில் இடித்தது. ஈயம் கொஞ்சம் உதவியது. முழுதாக இல்லை.

கொல்லையில் பந்துக்குப் பதில் எலுமிச்சங்காய் வைத்துத் தட்டிப் பார்த்தேன். துள்ளல் இல்லை. ஒன்றுமே வைக்காமல் வீசினேன். இல்லை. பந்தை வைத்தேன். வந்தது.

இதற்கு என்ன பொருள்? பௌதிகம் படித்தவள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். வர மாட்டேன் என்கிறது மனம். அம்மாவுக்கும் முதலில் எப்போதாவதுதானே வந்தது.

மார்ச் 25

கௌரம்மா குழிக்கருகே ஆடுவதைக் கவனித்தேன். இடது கையில் விரித்த குடை. வலது கையால் மட்டும், நின்று குறிபார்க்காமல், நடந்து வந்த வேகத்தில் தட்டிவிடுகிறார். பாதி விழும், பாதி விழாது. கவலையே படுவதில்லை. மகாராணி பிச்சை போடுவது மாதிரி என்று கிளப்பில் கேலி. எனக்குப் பொறாமை.

மார்ச் 28

கனமான மட்டை வேண்டும். கடையில் கிடைப்பவை போதாது. மரச் சுத்தியல் போல, தலையின் நடுவில் கம்பு செருகியது. கம்பும் வளையக் கூடாது.

பெர்னார்ட் குதிரைப்படை அலுவலகத்தில் குமாஸ்தா. விரிசல் விட்டுக் கழித்த ஈட்டி மூங்கில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். "குதிரையில பாஞ்சு வந்து, தரையில அடிச்ச முளையைக் குத்திப் பிடுங்குற கம்பு இது. நீ இதை வெச்சுக் குழியில பந்து தள்ளப்போறே. குதிரைக்குத் தெரிஞ்சா சிரிக்கும்."

ஏப்ரல் 1

மண்டி மொஹல்லாப் பேட்டைக்குப் போனேன். ரோஸ்வுட் பெட்டிகளில் தந்தம் பதிக்கும் சித்தையன் கடை. நான் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தாயி, கூடாரத்துக்கு முளை அடிக்கறதா?"

"பந்து தட்ட."

"ரோஸ்வுட் மரத்துலயா! வேண்டாம், மாமரத்துல பண்றேன்."

"கனம் வேணும்."

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். "ஒரு ஆனையாவது பதிக்கறேன். மொட்டையா அனுப்ப மனசு வரல்லே." வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை.

ஏப்ரல் 6

வந்துவிட்டது. தலையில் சின்னத் தந்த யானை. இடது கை கீழே, வலது கை மேலே பிடித்தேன். மைதானத்தில் யாரும் இல்லாத நேரம். எங்களுக்குக் குழியைச் சுற்றிப் புல் கிடையாது. எண்ணெய் கலந்த மணல். சாக்கை இழுத்துச் சமன் செய்வார்கள்; அதற்குப் பெயர் பிரவுன். பந்து அதில் கோடு கிழித்தது போல நேராகப் போய் விழுந்தது. மறுபடி. மறுபடி.

துள்ளல் இல்லவே இல்லை!

பின்னேரம்

எழுதாமல் விடக் கூடாது. வீட்டுக்கு வரும் வழியில் நினைவு வந்தது. நீர் நிறைந்த செம்பை அம்மா கையில் கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடும். கீழே வைத்ததும் திரும்பி வரும்.

கனம் கொடுத்தால் நிற்கிறது. அப்படியானால்?

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

கோவிலில் வெகுநேரம் முழங்காலில் நின்றோம். உட்கார்ந்ததும் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சும்மா இருந்தது. கட்டைவிரலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நிமிர்ந்தால், ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை நாளாக?

வீட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, அந்த டாக்டரம்மாகிட்ட வாய விட்றாதே. உன் வேலை மட்டுமில்ல. பெர்னார்டுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லேல்ல? அப்ப சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல."

ஏப்ரல் 15

தூக்கமில்லை. மட்டை நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

நடந்ததை நடந்தபடி.

எதிர் ஜோடியில் மிஸஸ் ஹார்ட்லி, உயரமான வெள்ளைக்காரப் பெண். என் யானையைத் தடவிப் பார்த்து அழகு என்றார். நான் போட்ட பந்தெல்லாம் விழுந்தது. கௌரம்மா குடையைச் சுழற்றினார். "நோடு, நோடு! பாரு, நம்ம ஆனை தும்பிக்கையால எடுத்துப் போடுது!" சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று.

பாதி ஆட்டம் தாண்டியதும் மிஸஸ் ஹார்ட்லி தயங்கித் தயங்கி வந்தார். முதலில் கவனிக்கவில்லையாம். தலையின் நடுவில் கம்பு வைத்த சுத்தியல் மட்டைக்கு ஸ்காட்லாந்தில் எழுதிய கோல்ப் சட்டத்தில் எப்போதோ தடை. போன குழிகள் போகட்டும், இனி வேறு மட்டை எடுத்துக்கொள்ள முடியுமா? முகம் சிவந்திருந்தது. அவரைக் கோபிக்கக்கூட முடியவில்லை.

நானே வரைந்து, நானே செய்வித்து — சட்டப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏன்? கைக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடியவளுக்குச் சட்டம் எங்கே நினைவிருக்கும்.

கௌரம்மா தன் மெல்லிய மட்டையைக் கொடுத்தார். அதற்குப் பிறகு என் முறை வந்தபோதெல்லாம் பந்து குழிக்குக் கொஞ்சம் தூரத்தில்தான் இருந்தது. தூரத்துப் பந்துக்குக் கை வெட்டுவதில்லை. தப்பித்தேன். கடைசிக் குழிவரை சமன். கடைசியில் அவர் அடித்த பந்து குழிக்கு இரண்டடியில் நின்றது. என் முறை. சாக்கு இழுக்கும் ஆள் மணலைச் சமன் செய்து ஒதுங்கினான். மட்டையைப் பின்னால் எடுத்தேன்.

வெட்டியது. மறைக்க முடியாதபடி வெட்டியது. பந்து பிரவுனைத் தாண்டிச் செம்மண்ணில் போய் நின்றது.

தோற்றோம். கைகுலுக்கினோம். டீ குடித்தார்கள். நான் மரத்தடிக்குப் போய்விட்டேன். கௌரம்மா பின்னால் வந்தார்.

"கையைக் காட்டு."

காட்டினேன். கேட்காமலே விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை.

"அட பெண்ணே! இதுக்கா அந்த ஆனை? எனக்கு நாலு வருஷமா இருக்கு. நின்னு குறி பார்த்தேனோ, வெட்டும். ரெண்டு கையும் மட்டையில வெச்சா இன்னும் மோசம். அதனாலதான் குடை. ஆபரேஷன் மேஜையில கத்தி பிடிக்கிற கை, வெயில்ல ஒரு பந்தைக் கண்டா பயப்படுது. என்ன பண்றது?"

"நிஜமாவா டாக்டரம்மா?"

"யாருகிட்டயும் சொல்லிடாதே. மகாராணி பட்டம் போயிடும். திங்கக்கிழமை வா, கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆய்த்து."

ஆயிற்று. அங்கேயே முடிந்திருக்கலாம். சான்று கிடைத்த மாதிரிதான். அப்பா சொன்னபடி, சொல்வதற்கு ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்.

"எங்கம்மா காய்ச்சல்ல சாகல," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். உருளும் விரல், செம்பு, ஸ்பூன். அவர் சிரிப்பு நின்றது. குடையை மடக்கினார். டாக்டர் முகம் வந்துவிட்டது. என் சிநேகிதியின் முகம் எங்கோ போய்விட்டது.

"இதை நீ சொல்லியிருக்க வேண்டியதே இல்லே, ஐவி."

"தெரியும்."

"இப்ப நான் கேட்டாச்சு. கேட்காத மாதிரி எழுத முடியாது."

"தெரியும்."

மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கினார். "திங்கக்கிழமை காலைல வா. ஜோடியா வராதே. நோயாளியா வா."

ஏப்ரல் 19

அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டைத் தொடவில்லை. பெர்னார்ட்தான் என் தட்டில் மீன் வைத்தான். "எனக்குப் பொண்ணு குடுக்கறவன் எப்படியும் பைத்தியக்காரனாத்தான் இருப்பான், அக்கா. அவனுக்கு எதைச் சொன்னா என்ன?"

அப்பா எழுந்து போனார்.

ஏப்ரல் 20

போனேன். ரப்பர் சுத்தியால் முட்டியில் தட்டினார். நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். பேர் எழுதச் சொன்னார். கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு கையை மடியில் போட்டுச் சும்மா உட்காரச் சொன்னார். வெகுநேரம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். நான் தப்பாகக் கழித்தேன்.

"பி.எஸ்ஸி.," என்றார். அந்த ஒரு வார்த்தையில் சிநேகிதி எட்டிப் பார்த்தாள்.

பிறகு: "அம்மாவோட நோய் சும்மா இருக்கிற கையில வரும். உன் கை சும்மா இருந்தா தூங்குது. வேலை சொன்னா, அதுவும் ஒரே ஒரு வேலை சொன்னாத்தான் முரண்டு பிடிக்குது. அது வேற, இது வேற."

"அப்ப எனக்கு வராதா?"

"இன்னிக்கு இல்லே. அவ்வளவுதான் என்னால எழுத முடியும். வரவே வராதுன்னு எழுதினா நான் டாக்டர் இல்லே, ஜோசியக்காரி. வருஷா வருஷம் வந்து காட்டு."

எழுதினார். தகுதி உண்டு. அம்மாவின் நோயும் அதில் இருக்கிறது, அதன் உண்மையான பெயரோடு. ஆண்டுதோறும் பரிசோதனை என்றும். கல்லூரி இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 16

பதில் இல்லை.

மே 29

சேர்ந்துகொள்ளலாம். ஒரு வருடத்துக்கு மட்டும், பிறகு பார்ப்பார்கள்.

கடிதத்தை அப்பா கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்துக் கொடுத்தார். "அந்தச் சான்றுல உங்கம்மா பேரைச் சரியா எழுதியிருக்காங்களா?" என்றார். டாக்டரம்மா சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றேன்.

ஜூன் 22

முதல் வகுப்பு. தராசு. எடைக்கல்லை விரலால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். இருபது பெண்களின் கண்ணும் என் வலது கையில். இருப்பதிலேயே சிறிய கல், மெல்லிய தகடு. இடுக்கியின் நுனியில் ஒரு வெட்டு. தகடு மேஜையில் விழுந்தது. முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

மறுபடி எடுத்தேன். தட்டில் வைத்தேன். முள் நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்து, அளவைக் கரும்பலகையில் எழுதினேன்.

சிரித்தவளை அடுத்து வந்து செய்யச் சொன்னேன்.