கவிழ்த்து வைத்த வாளி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை நான் நலம் என்று மட்டும் எழுதுகிறேன், உன் அம்மாவின் நலத்தைப் பற்றி உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நான் போனை எடுத்தால் அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது, அதனால்தான்.

முதலில் படகு சமாசாரம். நான் எஞ்சின் ஓட்டிய அந்த மர இழுவைப் படகைப் பழைய படகுகளைப் பாதுகாக்கும் சங்கத்துக்காரர்கள் உடைப்புக்குப் போகாமல் மீட்டு நம் தெருக்கோடித் துறையில் கட்டிவைத்த நாளிலிருந்து, தினமும் காலையில் அதன் அடித்தண்ணீரைக் குச்சியால் அளந்து கைபம்ப்பால் இறைப்பது என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். மரப் படகு கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அதுவும் இது ஆயுள் முழுக்கத் தெரு நீளத்துக் கப்பல்களை மூக்கால் முட்டியும் கயிற்றால் இழுத்தும் கரை சேர்த்த படகு. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் புயலில் ஒரு சரக்குக் கப்பல் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பியதே, அதைப் பகல் முழுக்க முட்டுக்கொடுத்து நிறுத்தியதில் இடது மூக்குப் பலகை இளகி இடுக்கு விட்டது, இன்றைக்கும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு சாண் சேரும். நாலு விரல் அளவு விட்டுவிட்டு மீதியை இறைத்துவிடுவேன், ஒட்ட இறைத்தால் அடிப்பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு இன்னும் வாயைப் பிளக்கும். படகில் வேலை பார்த்த யாருக்கும் இது தெரியும்.

போன மாதம் ஒரு நாள் குச்சியை விட்டுப் பார்க்கிறேன், சொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாளும் இல்லை. மரம் ஊறி இடுக்கு தானாக அடைந்துவிட்டது என்று சங்கத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. இத்தனை வருஷம் அடையாத இடுக்கு இப்போது எந்தச் சாமியின் அருளால் அடைந்தது? முதலில் சங்கத்துத் தச்சர் மேல் சந்தேகம் வந்தது, பேர் வாங்க வேண்டும் என்று எதையாவது வைத்து அடைத்திருப்பாரோ என்று. அவரைக் கேட்டேன், உங்களுக்குத் தண்ணி வந்தாலும் சந்தேகம், வராட்டியும் சந்தேகமா என்று முறைத்தார். அடுத்து துறைக் காவலாளி. அந்த ஆள் குளிப்பதற்கே சோம்பல்படுகிறவர், தண்ணீர் இறைப்பாரா? பிறகு சங்கச் செயலாளர், நீ சென்ட்டுக்காரர் என்று பேர் வைத்தாயே அவரேதான். தண்ணியே வரலையே, மழைக்காலத்துல தினமும் ஆள் எதுக்கு, பூட்டிட்டுப் போயிடலாம் என்று அவர் கூட்டத்தில் சொன்னதும் எனக்குப் பொறி தட்டியது. அவர் சொல்கிறபடி பூட்டிவிட்டுப் போனால் மழை விடுவதற்குள் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கிப்போகும், துறையில் இடம் காலி, அதுதான் அவருக்கு வேண்டும். ஒழுகல் இல்லை என்று காட்டத்தான் யாரையோ விட்டு ரகசியமாக இறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கப்பல் பரிசோதிக்கும் அதிகாரி அம்மா அடுத்த வாரம் வருவதாக இருந்தார். படகு தண்ணீரில் இருக்கலாமா, கரையில் தூக்கி சிமென்ட் மேடையில் வைத்துவிட வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மேடையில் ஏற்றினால் வெயிலில் காய்ந்து பலகை பலகையாகக் கழன்றுவிடும் கண்ணு, பெயின்ட் அடித்த விறகுதான் மிஞ்சும்.

துப்பு என் கண்ணெதிரிலேயே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. இறைத்தவர் யாரோ, மிச்சத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்திருந்தார், துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டிருந்தார், வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். என் காலத்தில் எந்தப் படகிலும் எந்த ஆம்பளையும் வாளியைக் கழுவி நான் பார்த்ததில்லை, கவிழ்த்து வைப்பது அதற்கும் மேல். சென்ட்டுக்காரர் சுத்தமான மனுஷர், அவர் அனுப்பிய ஆளும் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கை கழுவப் பின்பக்கம் போனால் குழாயடியில் நம் வீட்டு வாளிகள் மூன்றும் கவிழ்ந்து கிடக்கின்றன. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் கிடக்கின்றன. நேரே அடுப்படிக்குப் போனேன். உன் அம்மாவின் சேலை ஓரத்தைப் பார்த்தேன், படகுப் பலகைக்குப் பூசும் கறுப்புக் கீல் அப்பியிருக்கிறது.

நான் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வருவதற்குள், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு போய் இறைத்துவிட்டு வந்திருக்கிறாள். நாற்பது வருஷம் அந்தப் படகைச் சக்களத்தி என்று கரித்துக்கொட்டியவள்! கேட்டதற்கு, ஆமா நான்தான், பம்ப்பை அடிச்சுட்டு நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா யாரு பதில் சொல்றது, அந்தச் சக்களத்தியா வந்து பார்ப்பா என்றாள். நாலு விரல் விட வேண்டாமா என்றேன். அழுக்குத் தண்ணிய மிச்சம் வச்சுட்டு வர எனக்கு மனசு வராது என்றாள். ஆத்திரம்தான் வந்தது. பிறகுதான் யோசித்தேன். எனக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதைப் பற்றி உனக்கு மட்டும்தான் எழுதினேன். உன் வாயில் எதுதான் தங்கும்?

உன் அம்மா செய்ததைச் சொன்னால் ஒழுகுகிறது என்று படகைக் கரையேற்றிவிடுவார்கள், சொல்லாவிட்டால் பூட்டிவிட்டுப் போய்ப் படகு தண்ணீருக்கு அடியில். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பரிசோதனை அதிகாரி வந்த அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், என்னோடு துறைக்கு வந்திருந்த உன் அம்மா எழுந்துவிட்டாள். தண்ணி வருதும்மா, நான்தான் இறைச்சேன், எனக்கு மூட்டு வலி இருக்கு, அப்படியும் அடுப்புல வச்சுட்டுப் போன பால் பொங்குறதுக்குள்ள இறைச்சு முடிச்சுட்டு வந்துடுவேன், அவ்வளவுதான் ஒழுகல் என்றாள். அந்த அதிகாரி சிரித்துவிட்டு, அடிப்பலகையைக் காயப்போட்டதற்கு அவளை நன்றாக ஒரு பிடி பிடித்தார். அப்புறம் கீழே இறங்கிப் பலகை பலகையாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மாலை வரை உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதைத் தானே அளந்தார். படகு தண்ணீரிலேயே இருக்கலாம், மழைக்கு முன் அந்த இடுக்கில் பஞ்சு திணித்துக் கீல் பூச வேண்டும், ஒருவர் தினமும் இறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பூட்டுகிற பேச்சை முதலில் கைவிட்டவர் சென்ட்டுக்காரர்தான், பாவம். உன் அம்மா அன்றைக்கே என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். மாத்திரை கொடுத்திருக்கிறார், பம்ப்பைத் தொடக் கூடாதாம், பயப்பட ஒன்றுமில்லை.

ஆக அன்றிலிருந்து இறைத்தவள் அவள், குச்சி பிடித்தவன் நான். கேட்க வந்தது இதுதான். இறைத்து முடித்ததும் உன் அம்மா கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து இடது தோளை அமுக்கிக்கொள்வாள். என்னைக் கண்டால் கையை எடுத்துவிட்டுக் கடலைப் பார்ப்பாள். ஒரு நாள் என்ன என்று கேட்டேன், வெயில் என்றாள். அன்றைக்கு மேகமூட்டம். நான் அவளிடம் மறைத்ததை உனக்கு எழுதின மாதிரி, அவள் என்னிடம் மறைப்பதை உன்னிடம் சொல்லியிருப்பாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் விஷயத்தில் மட்டும் உன் வாய் ஏன் இவ்வளவு கெட்டியாக மூடியிருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. அதனால் பம்ப்பின் கைப்பிடியைக் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறேன், தச்சர்தான் இப்போது வாளியால் இறைக்கிறார். கைப்பிடியைக் காவலாளி விற்றுத் தின்றுவிட்டார் என்று உன் அம்மா சந்தேகப்படுகிறாள். படட்டும்.

குட்டிப்பயலைத் தண்ணீர் பக்கம் தனியாக விடாதே. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உடனே பதில் எழுது, உள்ளதை உள்ளபடி எழுது. மறந்தும் வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிடாதே, அவள் கைக்குத்தான் போகும். சென்ட்டுக்காரர் விலாசத்துக்கு அனுப்பு. அவரை நம்பலாம்.

உன் பதிலுக்காகத் துறையில் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா