ஏரிக்கரை மாளிகையில் அப்பாவின் கதிரை

அன்பு மகள் டிலக்சிக்கு,

நார்த்மீட்டில் அப்பாவும் நானும் மடு மாதாவின் தயவில் நல்ல சுகம், நீயும் பீட்டரும் ஹங்கேரிக் குளிருக்குள் சுகமாயிருக்க வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், அப்பா பக்கத்தில் நின்று காது கொடுக்கிறார். கெல்லிவில்லில் அண்ணன் அனோஜின் புது வீட்டுக்குப் போனோம், குசினி எங்கள் முழு வீட்டளவு, சமைக்கத்தான் ஆளில்லை.

நீ கலியாண விருந்தை அந்த ஏரிக்கரை மாளிகையில் வைக்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து இந்த மனுசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது உனக்குத் தெரியும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் வெளிநாட்டுத் தலைவர்களைத் தங்கவைக்கக் கட்டிய அரசாங்க விடுதிதான், இப்போது யாரும் வாடகைக்கு எடுக்கலாம் என்று எத்தனை தரம் சொன்னேன். பூசைக்கு வாறன், சாப்பாட்டுக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கோ என்று ஒரே பிடி. கம்யூனிஸ்ட் என்றதில்தான் கோபமாக்கும் என்று நானும், பீட்டர் கோயிலுக்குப் போகிற பெடியன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லைப் பிள்ளை. நெருக்கிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். மன்னார் கச்சேரி அலுவலகத்தில் அரசாங்க ஜீப் ஓட்டிய காலத்தில் பெரிய ஆட்களை அரசாங்க பங்களாவுக்கு ஏற்றிக்கொண்டு போனால், அவர்கள் உள்ளே விருந்து சாப்பிட, இவர் மழையென்றாலும் ஜீப்புக்குள் இருந்துதான் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பாராம். அப்படியான இடத்துக் கதிரையில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்றார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் எனக்கு இதைச் சொல்லவில்லை பார், அழுகை வந்துவிட்டது.

போன கிழமை நீ அனுப்பிய படம்தான் ஆளை மாற்றியது. சிவப்புக் கம்பளமும் பெரிய பெரிய திரைச்சீலையும் அவர் கண்ணில் படவேயில்லை. தலைவர்கள் இருந்து சாப்பிட்ட நீள மேசையில், நடுக் கதிரைக்கு முன்னால் பொனிபஸ் என்று நீ தமிழில் எழுதி வைத்த அட்டையைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். என்ரை பேரெல்லே என்றார். அடுத்த நாளே பரமட்டாவுக்குப் போய்க் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார், நிறத்தை மட்டும் கேட்காதே. இன்னொன்று, ஆளுக்கொரு அட்டை என்று தெரியாமல் யோகா அன்ரியைக் குடும்பத்துடன் வரச்சொல்லிவிட்டேன், அவ மருமக்களுக்கும் டிக்கெட் பார்க்கிறாவாம். அட்டைகளைக் கொஞ்சம் கூடுதலாக எழுதி வை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். நான் எழுதுவதை அப்பா கண்டுவிட்டார், இன்னும் ஒன்று சேர்த்து எழுதச் சொல்கிறார். விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றி வரப்போகிற டிரைவரின் பெயரைக் கேட்டு, அவருக்கும் ஒரு அட்டை எழுதட்டாம். மேசையில் தனக்கு ஒரு பக்கம் நானாம், மற்றப் பக்கம் அந்த ஆளாம்.

உன் வரவேற்புக்குக் காத்திருக்கும் அம்மா,
மரியமலர்