பெரிய வியாழனுக்கு முன் வந்த கட்டி

அன்புள்ள மகன் நிக்‌ஷாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், ஆடுகள் நலம், மழை வேண்டிய மட்டும் பெய்து திராட்சைக் கொடியெல்லாம் துளிர்விட்டு நிற்கிறது. அயர்லாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் தினமும் எங்கள் பேச்சு. நானும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு விஸ்கோ வலையைத் தைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறான், அதுவும் போக, இந்தச் சங்கதியைப் பெற்ற பிள்ளையிடம் வாயால் சொல்ல எனக்கு முடியாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

சங்கதி இதுதான். எனக்கு வலது தொடையிடுக்கில் ஒரு கட்டி வந்தது. எழுதும்போதே காது சூடாகிறது. இந்த வருஷம் பெரிய வியாழன் பவனியில் சிலுவை தூக்கும் முறை என்னுடையது என்பது உனக்குத் தெரியும். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றே கோயிலில் என் பெயரைச் சொல்லி வைத்தேன், உன் வயதுதான் என் காத்திருப்புக்கும். ஐந்து ஊரையும் வெறுங்காலோடு, சிலுவையை எங்கும் தரையில் வைக்காமல் சுற்றி வருவதென்றால் சும்மாவா? அதனால் தவக்காலம் தொடங்கியதுமே ஒரு ஒலிவக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பழகினேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பினாயே, உடம்போடு ஒட்டிக்கொள்கிற ஓட்டக் கால்சட்டை, அதைத்தான் தினமும் மாட்டிக்கொண்டு போனேன், மகன் அனுப்பியது என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா. வேர்வையோடு வீட்டுக்கு வந்து அதே கால்சட்டையில் உட்கார்ந்துகொண்டு அம்மாவோடு சீட்டாடுவேன். உன்னைக் குறை சொல்லவில்லை, கால்சட்டை நல்ல கால்சட்டைதான்.

முதலில் ஒரு பட்டாணி அளவு. வலி இல்லை, அரிப்புதான். ஆனால் என்ன அரிப்பு! பூசை நடக்கும்போது, கடையில் வரிசையில் நிற்கும்போது, பங்குத்தந்தை கையைக் குலுக்கும்போதெல்லாம் அங்கேதான் அரிக்கும். கையை அங்கே கொண்டுபோகவும் முடியாது, கொண்டுபோகாமலும் இருக்க முடியாது. ராத்திரி யாரும் பார்க்காமல் சொறிந்தேன், அப்புறம் நகத்தால் கிள்ளிப் பிதுக்கினேன். அது சிவந்து வீங்கியது. சாராயத்தைத் தடவினேன், உயிர் போய் வந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று சுற்றிலும் முகச்சவர பிளேடால் மழித்தேன், அந்த இடம் முழுக்கப் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. கடைசியில் நம் தீவுக்காரன் புத்திதானே எனக்கும், கடல் தண்ணீர் ஆற்றாத புண் உண்டா என்று இந்தக் குளிர்ந்த கடலில் இடுப்பளவுக்கு இறங்கி நின்றேன். விஸ்கோ கரையிலிருந்து, "என்ன புரோஷ்பர், மீனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்கிறியா?" என்றான். சிரித்துச் சமாளித்துவிட்டு ஈரத் துணி உரச உரச வீட்டுக்கு நடந்து வந்தேன். அடுத்த நாளே அது வாதுமைக் கொட்டை அளவுக்குப் போய்விட்டது.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்காதே. குளியலறையில் சாராயப் புட்டியைப் பார்த்துவிட்டு, நான் தவக்காலத்தில் ஒளிந்து குடிக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டாள். "சிலுவை தூக்கப் போற மனுசன் பண்ற காரியமா இது? ஊருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்கிறது?" என்று அழுதாள். குடிகாரன் என்று நினைத்துக்கொள்ளட்டும், இதைச் சொல்வதைவிட அது மேல் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன் பார், அவ்வளவு வெட்கம் எனக்கு. அந்த இடத்தில் கட்டி என்றால் ஊர் வேறு என்ன பேசும்? கடல் தாண்டி ஸ்பிளிட் நகரத்துக்கு எண்ணெய் விற்கப் போனவன் வேறு எதையோ வாங்கி வந்துவிட்டான் என்றுதானே. ஆனால் காய்ச்சலும் வந்துவிட்டது, அதை எத்தனை நாள் மறைப்பது? நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது போர்வையை இழுத்துப் பார்த்துவிட்டாள். சிவப்பு தொடை வரைக்கும் இறங்கியிருந்தது. "இதுக்கா என்னை ஒரு வாரமா அழ வெச்சீங்க? எழுந்திரிங்க, தின்காகிட்ட போறோம்" என்றாள்.

தின்காவிடம். இந்தத் தீவில் இருப்பது அவள் ஒருத்திதான் மருத்துவர், அதற்கு நான் என்ன செய்வேன்? உனக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று விருந்துக்கு ஆட்டுக்குட்டி வரை ஏற்பாடு செய்தபிறகு நீ ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டுக் கப்பல் ஏறினாய். அன்றிலிருந்து நான் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அவள் மேல்தெருவில் வந்தால் நான் கீழ்ச்சந்தில் சுற்றிக்கொண்டு ரொட்டி வாங்கப் போவேன். அவள் எதிரே போய்க் கால்சட்டையை இறக்குவதா? செத்தால் சாகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், அம்மா காதில் வாங்கவில்லை.

போனேன். முதுகுவலி என்றேன். அவள் பொறுமையாக முதுகெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, முதுகுவலிக்காரங்க இப்படிக் கால அகட்டிக்கிட்டு வர மாட்டாங்க" என்றாள். இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கு மேல் நான் என்ன செய்ய, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். கண்ணோரம் ஈரமாகிவிட்டது, அவள் பார்த்தும் பார்க்காதது போல் விளக்கைத் திருப்பினாள். "வேர்வையும் உரசலும் சேர்ந்து முடி உள்ளுக்குள்ளயே சுருண்டு வளர்ந்திருக்கு, அவ்வளவுதான். இந்த இடத்துல அரிப்பும் கட்டியும் எதனால வேணாலும் வரும், படர்தாமரை, பூச்சிக்கடி, ஒத்துக்காத சோப்புன்னு. உறவுல ஒட்டுற நோயா இருந்தாக்கூட அதுவும் நோய்தான், வந்து காட்ட வேண்டியதுதான். நீங்க ஆரம்பத்துலயே தொடாம இருந்து, வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணிய வெச்சு ஒத்தடம் குடுத்து, தொளதொளன்னு பருத்தித் துணி போட்டுக் காய வெச்சிருந்தா தானா அடங்கியிருக்கும். பிதுக்கி, மழிச்சு, சாராயம் ஊத்தி... கடல்ல வேற இறங்கினீங்களா?" என்று கேட்டாள். விஸ்கோ சொல்லியிருக்கிறான், நாசமாய்ப் போக. நான் மெல்ல, மகளே, என் பையன் உனக்குச் செய்ததை நினைத்தால் எனக்கு, என்று ஆரம்பித்தேன். "இன்னைக்கு ஒரு கட்டி போதும் மாமா" என்று சொல்லிவிட்டுக் கீறிவிட்டாள். சீழ் எல்லாம் வெளியே வந்தது. மாத்திரையும் கொடுத்திருக்கிறாள், காய்ச்சல் விட்டுவிட்டது, நீ பயப்படாதே.

ஆனால் சிலுவை எனக்கு இல்லை. அந்தப் புண்ணோடு நடந்தால் முதல் மேட்டிலேயே பிய்ந்துவிடும், மறுபடி சீழ் வைத்தால் ஸ்பிளிட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையை அம்மா மட்டும் அறிவாள். உன் பிராயம் முழுக்கக் காத்திருந்து ஒரு முடியால் கெட்டேனே என்று நினைக்கும்போது கடவுள் முகத்தில் விழிக்கவே கூசுகிறது. சபை வழக்கம் உனக்கே தெரியும், பெயர் கொடுத்தவனால் முடியாவிட்டால் அவன் மகன் தூக்கலாம், மகன் வராவிட்டால் அடுத்த பெயருக்கு முறை போய்விடும். அடுத்த பெயர் விஸ்கோ. அவன் இப்போதே செருப்பில்லாமல் என் வாசல் வழியாக நடந்து பழகுகிறான். பெரிய வியாழனுக்கு முன் வரும் குருத்து ஞாயிற்றுக்குள் பங்குத்தந்தையிடம் பதில் சொல்ல வேண்டும்.

நீ ஏன் ஊருக்கு வரமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்பதெல்லாம் போனுக்குச் சொல்கிற பேச்சு. நேற்றுக் கட்டுப் பிரிக்கப் போனபோது தின்காவே கேட்டாள், சிலுவை இப்போது யாருக்கு என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவன வரச் சொல்லுங்க மாமா. மேல்கோயில்ல வருஷா வருஷம் நான்தான் வெறுங்கால் காயத்துக்குக் கட்டுப் போடத் துணியோட நிக்கிறேன். சிலுவை தூக்குறவன் கால் யாரோட காலுன்னு நான் பாக்கிறதில்ல" என்றாள். சொல்லும்போது மருந்துப் புட்டிகளை எடுத்து மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா உனக்காக அத்திப்பழம் காய வைத்து எடுத்து வைத்திருக்கிறாள். வந்தாலும் வராவிட்டாலும் நீ என் மகன், இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிக்கிறேன், ஆண்டவர் உன் உடம்பையும் மனதையும் காக்கட்டும். அந்த ஒட்டுக் கால்சட்டையை நீயும் நாள் முழுக்கப் போடாதே, வேர்த்தால் உடனே மாற்று, எங்காவது ஏதாவது கிளம்பினால் கையை வைக்காதே. வருவதாக இருந்தால் இப்போதிருந்தே வெறுங்காலில் நடந்து பழகு. போக, மேல்கோயிலில் அவள் முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தால் உன் அப்பனை நினைத்துக்கொள். நான் அவளிடம் எதையெல்லாம் காட்டிவிட்டு வந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். நீ காட்ட வேண்டியது பாதம் மட்டும்தான்.

உன் வரவை எண்ணி,
அப்பா புரோஷ்பர்