வெட்டுப்படாத செய்தி

14-8-1978

எழுமலைக்கு மேற்கே ரோட்டோரம் குடியிருக்கும் முப்பத்தொரு குடும்பங்களில் ஒன்றுக்கும் மனைப் பட்டா கொடுக்கப்படவில்லை. தாலுகா அலுவலகப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு எழுத்தர் காசிமாயன் இன்று டீக்கடையில் சொன்னது. கொடுத்ததாகக் கோப்பில் இருக்கும் ஒரே சான்று, 3-10-1976 தேதியிட்ட எங்கள் பத்திரிகைச் செய்தி.

"நமது நிருபர்னு போட்டிருக்கு. அது நீங்கதானண்ணே?" என்றார்.

நான்தான்.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். வேறிடத்தில் பட்டா மனை வாங்கிக்கொண்டு இங்கேயும் ஆக்கிரமித்திருப்பதாகச் சொல்லி, எல்லோருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. செப்டம்பர் 15-க்குள் காலி செய்ய வேண்டும்.

16-8-1978

பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்தேன். நெருக்கடி நிலைக் காலத்தில் எழுதியவை ஏழு. காந்தி ஜெயந்தி விழா நான்காவதில் இருக்கிறது.

மேடையில் பட்டா கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் இறங்கியவுடன் "சீல் வைக்கணும், குடுங்க" என்று ஒரு வருவாய்த் துறை ஊழியர் எல்லாவற்றையும் வாங்கிச் சாக்குப்பையில் போட்டார். நான் நாலடி தூரத்தில் நின்றேன். பென்சிலில் குறித்தும் வைத்திருக்கிறேன்.

செய்தியில் சாக்குப்பை இல்லை.

தணிக்கைதான் காரணம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், போன மாதம்கூட, ஒரு கூட்டத்தில். ஆனால் இந்தச் செய்தி தணிக்கை அதிகாரியிடமிருந்து ஒரு வரிகூட வெட்டுப்படாமல் திரும்பி வந்தது. மற்றவர்களுடைய பக்கங்கள் நீலப் பென்சில் கோடுகளோடு வந்த நாளில் என்னுடையது சுத்தமாக வந்தது. அன்று அதைத் திறமை என்று நினைத்தேன்.

17-8-1978

மனைவி ராதாமணி, வீட்டில் நாங்கள் பேசும் பாஷையில், ஒன்றே கேட்டாள்: இரண்டு வருஷமாக இதைச் சொல்லத் தோன்றவில்லையா?

தோன்றியது.

20-8-1978, ஞாயிறு

எழுமலை போய் வந்தேன். செய்தியில் படத்தோடு வந்த ஒச்சம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், களையெடுக்கும் கூலி. என்னை அடையாளம் தெரியவில்லை. பத்திரிகை என்றதும் உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து செய்தித்தாள் துண்டை எடுத்து வந்தாள். நாலாக மடித்து மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது.

"என்ட்ட பட்டா இருக்குய்யா. இந்தா, படத்தோட இருக்கு. இதக் காட்டுனா அந்த ஆபீசரு சிரிக்கிறாரு."

இரண்டு வருஷமாக அதைத்தான் பட்டா என்று வைத்திருந்திருக்கிறாள்.

"அன்னைக்கு நான் சொன்னதக்கூடப் போட்டாகளே. 'இனி என் பிள்ளைகள் மழைக்கு அடுத்தவர் வாசலில் ஒதுங்க வேண்டாம்'னு. வாத்தியாரு வாசிச்சப்ப ஊரே அழுதுச்சு."

அச்சில் வந்தது வந்தபடியே சொன்னாள், எழுத்துத் தமிழில். அன்று அவள் அதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நான் எழுதிய வாக்கியம் அது.

மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். குடித்துவிட்டு வந்தேனே—என்ன மனுசன்யா நான்.

24-8-1978

செய்தி ஆசிரியர் சின்னச்சாமியிடம் சொன்னேன், திருத்தம் போட வேண்டும் என்று. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒண்ணு பொய்யின்னு எழுதிக் குடுத்தா மத்ததெல்லாம் என்னன்னு கேப்பான். இருபத்தாறு வருச சர்வீசுய்யா. நீ மட்டுமா எழுதுன? நான் தலைப்புப் போடலையா?"

தலைப்பு அவருடையதுதான். அதையும் மறக்காமல் வைத்திருக்கிறார்.

திருத்தம் வராது.

27-8-1978

மறுபடி எழுமலை. இந்த முறை குறிப்பேட்டைக் கொண்டுபோனேன். அந்த வாக்கியம் என்னுடையது என்று சொன்னேன். ஒச்சம்மாள் நம்பவில்லை.

"நான் சொல்லலையா? எனக்குத்தான் நெனப்பு இருக்கே."

பக்கத்து வீட்டு வீரணன், "அதான் நானும் நெனச்சேன். நீ என்னைக்கு அம்புட்டு அழகாப் பேசுன?" என்றார். அவரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

"அப்ப நான் என்னதான்யா சொன்னேன்?"

வாசித்தேன்: "காயிதத்த வாங்கிட்டாகளே, எப்பத் திருப்பித் தருவாக?"

குறிப்பேட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அதுக்கு நீங்க என்ன சொன்னீக?"

குறிப்பேட்டில் அது இல்லை. எனக்கு நினைவிருக்கிறது. பேப்பர்ல வரும்மா, என்றேன்.

அதைச் சொன்னேன்.

31-8-1978

வக்கீலைப் பார்த்தேன். என் பெயரில் பிரமாணப் பத்திரம்: பட்டாக்கள் அன்றே திரும்ப வாங்கப்பட்டதைப் பார்த்தேன், பார்த்தும் எழுதவில்லை, ஒச்சம்மாளின் பேச்சு என் கற்பனை. "கற்பனை வேணுமா சார், கவனக்குறைவுன்னு போட்டுக்கலாமே" என்றார். வேண்டாம் என்றேன்.

5-9-1978

முப்பத்தொரு குடும்பங்களின் மனு தாக்கலாயிற்று. பிரமாணப் பத்திரம், குறிப்பேடு, ஒச்சம்மாளின் செய்தித்தாள் துண்டு—மூன்றும் வருவாய்க் கோட்ட அதிகாரி அலுவலகத்தில் இருக்கின்றன. துண்டைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. மஞ்சள் துணியை மட்டும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் சின்னச்சாமி என்னை இனி வெளியூர்ச் செய்திக்கு அனுப்பப்போவதில்லை என்றார். விலைவாசிப் பட்டியல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசாரணை 11-ம் தேதி, திங்கள், காலை பதினொரு மணி. வீடுகளை இடிக்கத் தடை கிடைக்குமா என்பது அன்று தெரியலாம் என்கிறார் வக்கீல். பட்டா பற்றி எப்போது முடிவாகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

படியிறங்கும்போது ஒச்சம்மாள் கேட்டாள்: "காயிதத்த வாங்கிட்டாகளே, எப்பத் திருப்பித் தருவாக?"

தெரியாதும்மா, என்றேன். அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.