திரும்ப எழுதிய ‘வாழ்க’

மலாயா, 1943, ஆவணி, சனிக்கிழமை இரவு

நாளை ஆயர் ஈத்தாமில் என் மைத்துனன் முருகேசுவுக்குக் கல்யாணம். அங்கே நான் வாசிக்க வேண்டிய வாழ்த்துமடலைச் சமையலறையில் மனைவி பார்வதிக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

“என்னங்க இது, எல்லா வரியும் வாழ்க வாழ்கன்னே முடியுது! கேக்கிறவங்க தூங்கிருவாங்க லா.”

“தினமும் மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டு வேற என்ன வார்த்தை வரும்?”

“கிழங்குதான். நேத்து புட்டு, இன்னிக்கு அடை. ஒரே மாதிரியா ஆக்கிப் போட்டேன்?”

அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்தினேன். நீண்ட வாக்கியங்களை உடைத்தேன். ஒன்றைக் கேள்வியாக்கினேன். ‘வாழ்க’ இருந்த இடத்திலெல்லாம் செழிக்கட்டும், மகிழட்டும், தழைக்கட்டும் என்று மாற்றினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுபடி படித்தேன். பார்வதி அடையைத் திருப்பாமல் நின்றாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி பேருக்குப் பக்கத்துல மட்டும் அந்தப் பழைய வார்த்தையையே போட்டுடுங்க.”

ஏன் என்று எனக்குத் தெரியும். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கல்யாணமாகாத பையன்களைத்தான் முதலில் பிடித்துப் போகிறார்கள் என்று பேச்சு. போனவர்கள் யாரும் உயிரோடு திரும்பவில்லையாம். அதனால்தான் கல்யாணமே இத்தனை அவசரம். கல்யாணம் ஆனவர்களை விட்டுவிடுவார்களா என்று யாருக்கும் தெரியாது.

முருகேசு பெயர் வரும் இடமெல்லாம் ‘வாழ்க’ என்று திரும்ப எழுதினேன். அடை ஒரு பக்கம் தீய்ந்துபோயிருந்தது. பிட்டுத் தின்றோம்.

கேட்கிறவர்கள் தூங்கினால் தூங்கட்டும்.