நாலு மணி வெடி

டிசம்பர் 2

இந்த டைரி பழைய வருடத்தது. சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கும் என் தம்பி கொடுத்தான். விற்காமல் கிடந்ததாம். தேதி சரியாக வரும், கிழமை வராது. எனக்கு அது போதும். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள் நான். அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தது. வீட்டுக்காரருக்கு எழுத்தே தெரியாது. பிழை இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

யாரிடமாவது பேசியாக வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். இவர் பேசுகிறார். நான் பேசுவதுதான் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

கார்த்திகை பிறந்ததும் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில், மருந்து காயப்போட்ட இடத்தில் வெடித்தது. இவர் தள்ளி, தண்ணீர்த் தொட்டியடியில் நின்றிருக்கிறார். உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது. கூட வேலை பார்த்த நாகையா அண்ணன் போய்ச் சேர்ந்தார். "வெள்ளைத்துரை, ஒனக்கு ஒண்ணும் இல்லையே, ஸ்தோத்திரம்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். இவர் எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். நாகையா அண்ணன் செத்ததைச் சொன்னபோதும் அதேபோல் ஆட்டினார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மதுரை டாக்டர் சொன்னார்: "ரெண்டு காதுலயும் ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அது கூடிரும்மா. உள்ள நரம்பு எப்படின்னு இப்பச் சொல்ல முடியாது. ஜனவரியில கூட்டிட்டு வாங்க. தண்ணி படக்கூடாது, எண்ணெய் விடக்கூடாது, பெரிய சத்தம் ஆகாது."

ஜனவரிக்கு முன்னால் கிறிஸ்துமஸ் வருகிறது.

டிசம்பர் 4

இவரைக் குளிப்பாட்டுவதே ஒரு வேலை. பஞ்சில் வேசலினைத் தடவி இரண்டு காதிலும் அடைத்து, கழுத்துக்குக் கீழேதான் தண்ணீர். தலைக்கு ஈரத்துணி. முதலில் எல்லாம் கத்திப் பேசினார். கையைக் காட்டி 'மெதுவா' என்றேன். அன்றிலிருந்து முணுமுணுப்புதான். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவருக்கே தெரியாதில்லையா. இருபது வருடம் சோத்துக்கு உப்புப் போதவில்லை என்று தெரு அதிரக் கத்திய மனுசனுக்கு, இன்று வாய் அசைவதைப் பார்த்துத்தான் உப்பு கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 7

சாத்தூரிலிருந்து நாத்தனார் வந்தார். கையில் ஒரு சின்னப் பாட்டில். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.

"வெதுவெதுன்னு ரெண்டு சொட்டு விடு பாக்கியம். எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"டாக்டரு விடக்கூடாதுன்னாரு மதினி."

"டாக்டரு என்ன, காதுக்குள்ள போயா பாத்தாரு?"

"போயித்தான் பாத்தாரு. லைட்டு வச்சுப் பாத்தாரு."

அதற்குள் தன் தம்பியின் தலையைச் சாய்த்துப் பிடித்துவிட்டார். இவரும் அக்காவை நம்பிக் கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிருக்கிறார்! நான் பாட்டிலைப் பிடுங்கியதில் எண்ணெய் பூராவும் பாயில் கொட்டிவிட்டது. "ஒம் புருசன்னு ஆனதும் எந் தம்பி இல்லன்னு ஆயிருமா?" என்று அழுதார். அப்புறம் இரண்டு பேருமாய் உட்கார்ந்து அந்தப் பாயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். போகவே இல்லை, பூண்டு வாசம்.

டிசம்பர் 9

சுண்ணாம்பு அடித்து முடித்தேன். நீலம் கூடிப்போய் வடக்குச் சுவர் வெளுத்த துணி மாதிரி நிற்கிறது. வருடா வருடம் இவர்தான் அடிப்பார். இந்த வருடம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏணியிலிருந்து இறங்கும்போதுதான் நாலு மணி வெடி ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊர்ச் சங்கதி அது. கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலம் நாலு மணிக்குக் கோயிலில் மணி அடித்ததும் ஊரே ஒன்றாகப் பத்த வைக்கும். வேதக்காரர், இந்து என்றெல்லாம் கிடையாது. எல்லோருமே பட்டாசு வேலைதானே. வருடம் பூராவும் அடுத்தவனுக்குச் செய்த கை, அன்றைக்குத் தனக்கென்று எடுத்து வைத்ததை வெடிக்கும். அணை வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பாலகுருவிடம் போய்ச் சொன்னேன். ஊரில் வெடிக்கு முன்னால் நிற்கிற ஆள் அவர்தான்.

"தம்பி, இந்த வருசம் வெடி வேண்டாம். அண்ணாச்சிக்குப் பெரிய சத்தம் ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"இதச் சொல்லணுமா மதினி? நாகையா சித்தப்பா போன வருசத்துல எவனுக்கு வெடிக்க மனசு வரும்? ஊருக்கே சொல்லிர்றேன். ஒரு சீனி வெடி கேக்காது."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டிசம்பர் 13

நட்சத்திரம் கட்டினோம். எங்கள் நட்சத்திரம் கடையில் வாங்கியதல்ல. அச்சாபீசில் கழித்துப் போடும் காலண்டர்த் தாளில் ஒட்டுவது. ஒரு வருடம் அவசரத்தில் எந்தத் தாள் என்று பார்க்காமல் ஒட்டிவிட்டோம். சாயந்திரம் உள்ளே பல்பைப் போட்டால், முருகன் மயிலோடு நிற்கிறார். உபதேசியார் ஜெபத்துக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "பாக்கியத்தாயி, இவரு பெத்லகேமுக்கு எப்ப வந்தாரு?" என்றார். இவர் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் கவிழ்ந்தது.

இன்று அதைச் சைகையில் சொல்லிப் பார்த்தேன். கையால் வேல் பிடித்துக் காட்டி, தோகை விரித்துக் காட்டி… இவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். "கழுத்து வலிக்கா?" என்று கேட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு ஆமாம் என்றேன்.

டிசம்பர் 16

மழைச் சாரல். நான் வெடிக்குக் குழாய் சுற்றும் காகிதம் காயவில்லை. வேலை இல்லை.

டிசம்பர் 19

பாலகுரு பெண்சாதி வீரலட்சுமி வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, ஒந் தலையக் கண்ணாடியில பாத்தியா? காக்கா வந்து முட்டை போட்டாலும் போட்டிரும். வீட்டுக்கு வெள்ளையடிச்சவ ஒனக்கு ஒரு எண்ணெய் வைக்கக் கூடாதா?"

அவள் வீட்டுக் கொல்லையில் மணைபோட்டு உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாள். குதிகாலில் வெடிப்பு, ஒவ்வொன்றிலும் அரிசி மணியை வைக்கலாம். விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினாள். என் தலையை ஒரு ஆள் தொட்டுத் தேய்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று. காதுக்குப் பின்னால் அவள் விரல் போனபோது எண்ணெய் பிசுபிசுக்கிற சத்தம் கேட்டது. இதெல்லாம் ஒரு சத்தமா? இதுகூட அவருக்கு இல்லையே என்று நினைத்தேன். அழுகை வந்தது. "சீயக்காயா?" என்று வீரலட்சுமி கேட்டாள். இன்னும் அவள் சீயக்காயைக் கையிலேயே எடுக்கவில்லை.

டிசம்பர் 21

இவர் இன்று சொன்னது—

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புதுச்சட்டைத் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே முணுமுணுத்தார்: "ஏ புள்ள, கோயில் மணி கேக்கல. லாரி ஆரன் கேக்கல. அதெல்லாம் சின்னச் சத்தம். நாலு மணி வெடி கேக்கும். அது கேட்டுச்சுன்னா நரம்பு உசுரோட இருக்குன்னு அர்த்தம். பைய எல்லாம் வந்திரும். அதுவும் கேக்கலன்னா… ஜனவரியில மதுரைக்குப் போறது வீண் அலைச்சல். நான் வரமாட்டேன்."

வெடிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே!

டிசம்பர் 22

வீரலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலகுரு லோடு ஏற்றிக்கொண்டு திருச்சிப் பக்கம் போயிருக்கிறார், இருபத்து நாலு ராத்திரிதான் வருவாராம்.

"போன் போட்டுச் சொல்லிரட்டுமாக்கா? ஒரு வார்த்த சொன்னா ஊரே வெடிக்கும். ஆனா டாக்டரு ஆகாதுன்னு சொன்னது?"

அதுதான் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒன்று இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை. ஊரே வெடித்து, இவருக்குக் கேட்காமல் போனால்? அத்தோடு முடிந்தது. வெடிக்கவே இல்லை என்றால் ஒன்றும் முடியாது. ஜனவரி வரை நம்பிக்கொண்டு இருக்கலாம். மதுரைக்கும் வருவார்.

"வேண்டாம்டி. சொன்னது சொன்னபடி இருக்கட்டும்" என்றேன்.

டிசம்பர் 24

அதிரசம் உதிர்ந்துவிட்டது. பாகு முற்றிப்போயிற்று. உதிர்ந்ததையே தின்கிறார், நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டுகிறார். தாடி மழித்துவிட்டேன். இளமையாகத் தெரிகிறார்.

டிசம்பர் 25

எப்படி எழுத?

மூன்று மணிக்கே எழுந்து புதுச்சட்டை போட்டு, காதில் இருந்த பஞ்சைத் தானே எடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வாடைக்காற்று ஆகாது என்று கதவைச் சாத்திவிட்டு நான் கோயிலுக்குப் போனேன். மணி அடித்தது. ஊர் அசையவில்லை. உபதேசியார்கூட ஒரு நொடி வாசிப்பை நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தார். அந்த அமைதி இருக்கிறதே… எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பிரியமாக. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

அட மடச்சி! வெடிக்கலன்னு ஒனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?

ஜெபத்துக்கு நடுவிலேயே ஓடினேன். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுது புள்ள."

இல்லை, வெடிக்கவில்லை என்று கையை ஆட்டினேன். வாயைத் திறந்து திறந்து சொன்னேன். "பொய் சொல்லாத. இந்த ஊருல கிறிஸ்துமஸுக்கு வெடிக்காம இருப்பானுகளா?" என்றார். கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தேன். வெடித்திருந்தால் தெருவில் காகிதம் கணுக்கால் அளவு கிடக்குமே, பாருங்கள் என்று காட்டினேன். அதற்குள் வீரலட்சுமி அதிகாலையிலேயே பெருக்கித் தெளித்து, எங்கள் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள். பண்டிகையாம், எனக்கு உதவியாம்.

"கூட்டிப்புட்டீகளாக்கும்" என்றார்.

மூக்கைத் தொட்டு, புகை வாசம் இல்லையே என்று காட்டினேன். "பொறந்ததுல இருந்து மருந்துக்குள்ள கிடக்கிறவனுக்கு எங்கிட்டுத் தெரியும் வாசம்?"

வந்தவர்கள் எல்லாம் வெடிக்கவில்லை என்று தலையாட்டினார்கள். கூட்டம் கூடி ஏமாற்றுகிறோம் என்றே நினைத்தார். யாரையும் கோபிக்கவில்லை. சிரித்தார். "நல்ல சனம்" என்றார்.

மத்தியானம் கறியைத் தொடவில்லை.

டிசம்பர் 26

பாலகுரு வந்தார். வாசலில் நிற்க முடியாமல் நின்றார். "மதினி, என்ன கொடுமை இது. ஒண்ணே ஒண்ணு கொண்டாந்திருக்கேன். தெருக்கோடியில வச்சு வெடிக்கிறேன், அண்ணாச்சி முன்னாலயே. இது கேட்டா கேட்டதுதான்."

டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் சரி என்றேன். வேறு என்ன செய்ய?

இவரைத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வெடியைக் காட்டினார் பாலகுரு. இவர் கையில் வாங்கி, திரியை நீவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கெட்டிச் சணல் சுற்றிய அணுகுண்டு. தெருவே கூடிவிட்டது. குழந்தைகளை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டார்கள். பாலகுரு பத்த வைத்துவிட்டு ஓடி வந்தார்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையும் முழங்காலில். ஒரு மூச்சு இழுத்தார், விடவில்லை. நான் வெடியைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஏசப்பா, ஏசப்பா என்று மட்டும் உள்ளே ஓடியது.

புஸ்ஸென்று ஒரு சீறல். அவ்வளவுதான். சாரலில் நமுத்துப்போன திரி. பாதியில் அணைந்துவிட்டது.

யாரும் வாயைத் திறப்பதற்குள் இவர் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்திருந்தது. இந்த மாசம் பூராவும் நான் பார்க்காத முகம்.

"கேட்டுச்சு" என்றார். "நல்லாக் கேட்டுச்சு புள்ள. தூரத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு."

பாலகுரு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொன்றைக் கொண்டுவரட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். வீரலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இவரோ ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிடுகிறார், எல்லோருக்கும் நன்றி சொல்கிறார். நானும் கையைத் தட்டினேன். சிரித்தேன். வேறு என்ன செய்வது? எங்களுக்காக அவர் சொன்ன பொய், அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

உள்ளே வந்ததும் தட்டைப் போடச் சொன்னார். பழங்கறியைச் சூடுபண்ணி வைத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டார்.

டிசம்பர் 30

மதுரைக்கு வருகிறேன் என்கிறார். "கேக்குதுல்ல, டாக்டரு பாக்கட்டும்."

ஜனவரி 7

மதுரையிலிருந்து நேற்றே வந்துவிட்டோம். ஜவ்வு கூடிவிட்டதாம், நரம்புதான் திரும்பாதாம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார். சாத்தூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

இன்று காலையில் காபியைப் பின்னால் இருந்து நீட்டிவிட்டேன். தூக்கிவாரிப்போட்டு, முதுகில் கொட்டிக்கொண்டார். தேங்காய் எண்ணெய் தடவினேன். இனிமேல் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் கண் என்னைப் பார்த்த பிறகுதான் டம்ளரை நீட்ட வேண்டும். பழகிக்கொள்ளலாம்.